மெய்யாக நடந்த பேய்க் கதைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பேய்க் கதைகளை, அதிலும் சொல்பவர் தம் கண்ணால் கண்டதாகச் சொல்லும் கதைகளை, விரும்பிக் கேட்பவர்களுள் நானும் ஒருத்தி. மின்சாரம் நின்ற இரவுகளில் திண்ணையில் கேட்ட அத்தகைய கதைகளை வாசகர்கள் ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்ளத் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் சிறிது இடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

என் தாத்தா மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பயிர்த்தொழில் செய்தவர். ஐப்பசி அடைமழை விட்டிருந்த ஓர் இரவில், வயலில் தேங்கிய நீரை வடியவிட மண்வெட்டியோடு போனவர், வரப்பின் கோடியில் நீலமாக ஒரு தீ எழுவதும் அணைவதும் சற்றுத் தள்ளி மறுபடி எழுவதுமாக இருக்கக் கண்டார். வாயைத் திறந்தால் நெருப்பும் மூடினால் இருட்டுமாக அலையும் கொள்ளிவாய்ப் பிசாசைப் பற்றி ஊரார் சொல்லக் கேட்டிருந்த அவர், இரும்பு கையில் இருந்தால் அது அண்டாது என்று நம்பி, மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை மடைமேலேயே உட்கார்ந்திருந்தாராம். எத்தனை முறை சொன்னபோதும் அவர் ஒன்றையும் கூட்டியதில்லை. தீ தம்மை நெருங்கியதாகவோ பெயர் சொல்லி அழைத்ததாகவோ ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் கதையை நான் முழுதாக நம்பியது அதனால்தான்.

பின்னாளில் அறிவியல் ஆசிரியையாகி, சேற்றில் மட்கும் இலைதழைகளிலிருந்து எரியக்கூடிய மீத்தேன் வாயு வெளிப்படுவதை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்லித்தான் தொடங்குவேன். காரணம் தெரிந்தபின் சுவை குறைந்துவிடும் என்பார்கள்; பிள்ளைகளிடம் அப்படி நேர்ந்ததை நான் பார்த்ததில்லை. தாத்தா ஏன் ஓடவில்லை என்றே அவர்கள் கேட்டார்கள்.

நம் மொழியில் இந்தச் சுவை மிகப் பழையது. நாம் அன்றாடம் சொல்லும் நீலிக் கண்ணீர் என்ற தொடருக்குள்ளேயே ஒரு பேய்க் கதை இருக்கிறது. தன்னைக் கொன்றவனான ஒரு வணிகனைப் பழிவாங்க வந்த நீலி என்ற பேய், கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழையனூர் வேளாளர்முன் அந்த வணிகனின் மனைவியாக அழுது நின்றாள். அவன் உயிருக்குத் தாங்கள் பொறுப்பு என்று வாக்களித்து அவளோடு அவனை அனுப்பிவைத்த 70 பேரும், மறுநாள் அவன் இறந்துகிடக்கக் கண்டு, சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கினார்கள். 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இச்செய்தி குறிக்கப்படுகிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் பழையனூர் இன்றும் உள்ளது. அழுகிறவளை நம்பி ஊரே தலையசைத்த அந்த ஒரு கணத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் உடல் சிலிர்க்கிறது.

எழுத முன்வரும் வாசகர்கள் எந்த ஊர், எந்த மாதம், என்ன நேரம், கதையைச் சொன்னவர் தமக்கு என்ன உறவு என்பவற்றைத் தவறாமல் குறிப்பிட வேண்டும் என்பதும், பாதியில் நின்ற கதையைப் பாதியிலேயே விட்டுவிட வேண்டும் என்பதும் என் வேண்டுகோள். பேயோட்டுவதாகச் சொல்லிப் பணம் பறிப்பவர்களுக்கு அப்பகுதியில் இடமளிக்க வேண்டாம்.

காவிரிப் படுகையில் வயது முதிர்ந்த விவசாயிகள் எவரேனும் அந்த நீலத் தீயைக் கண்டிருந்தால், அவர்கள் எழுதுவதையே முதலில் படிக்க விரும்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மன்னார்குடி.