அந்த மிஸ்ஸும் தமிழ்தான்

தம்பி,

பெயர் போட்டு எழுதவில்லை. உமக்குத் தெரியும், உம்முடைய பட்ச் பிள்ளைகளுக்கும் தெரியும். மற்றவர்களுக்குத் தேவையில்லை.

போன மாதம் ஒருவர் எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். பழைய பட்ச் படம் ஒன்றின் கீழே நீர் எழுதியிருந்த ஒரு வரி: "அந்த மிஸ்ஸும் தமிழ்தான்." பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை. அனுப்பியவர் நல்ல மனதோடுதான் அனுப்பினாரா என்பது வேறு கதை. மூன்று நாள் அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன். நாலாம் நாள் கம்பஸில் எங்களுடைய போர்ட் கூட்டம். ஒன்றரை வருடமாக லாச்சிக்குள் கிடந்த காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தேன். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று சொல்லத்தான் எனக்கு விருப்பம்.

காகிதத்தில் இருப்பது இவ்வளவுதான். நகரத் திட்டமிடல் இரண்டாம் வருட ஸ்டூடியோவில் முதல் நாலு கிழமைக்கு லப்டொப் இல்லை, வினாக்கொத்தும் இல்லை. பிள்ளைகள் தோட்டத்துக்குப் போய் நடக்க வேண்டும், விடியப்புறமும்தான். கண்டதை முதலில் அங்கேயே, அந்தச் சனத்துக்கு முன்னால், சிங்களத்திலோ தமிழிலோ சொல்ல வேண்டும். "இது பிழை" என்று அவர்கள் சொன்னால் திருத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் கம்பஸில் இங்கிலீஷில் ஜூரி, அதாவது பரீட்சகர்களுக்கு முன்னால் படத்தைக் குத்தி விளக்குவது. 100 மார்க்கில் 20 தோட்டத்துக் கூட்டத்துக்கு. ஒரு வருடம் செய்து பாருங்கள் என்று விட்டிருக்கிறார்கள்.

(வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்கு: கொழும்பில் தோட்டம் என்றால் தேயிலை இல்லை. வளவுக்குள் வரிசை வரிசையாக ஒற்றை அறை வீடுகள், நடுவே மூன்றடிச் சந்து, எல்லோருக்கும் ஒரு பைப், எல்லோருக்கும் இரண்டு மூன்று கக்கூஸ். சிங்களத்தில் வத்த. நீர் அந்தத் தோட்டத்திலிருந்து இந்தத் தோட்டத்துக்கு வந்தவர் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். எந்தத் தோட்டம் என்று ஒருவரும் கேட்க வேண்டாம்.)

2016 நவம்பர். உங்களுடைய ஜூரி நடந்த அறையில் ஏசி பழுது, மேலே மின்விசிறி. போர்டில் குத்தியிருந்த சீட்டுகள் எல்லாம் ஓரத்தில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. மற்றக் குழுக்களின் சீட்டுகள் எப்படி இருந்தன என்று இப்போது எனக்கு ஒன்றும் நினைவில்லை. குடியிருப்புக்கு மஞ்சள், கடைகளுக்குச் சிவப்பு, தொழிற்சாலைக்கு ஊதா. அப்புறம் பலம், பலவீனம் என்று நாலு கட்டம். ஒவ்வொரு வருடமும் அதேதான். உம்முடைய குழுவில் மற்ற மூன்று பேரும் 1:2000 வரைபடத்தின் மேல் நிறம் தீட்டியிருந்தார்கள். அந்த அளவில் மூன்றடிச் சந்து அரை மில்லிமீட்டர்கூட வராது. 0.5 பேனாவால் ஒரு கோடு இழுத்தால் சந்து, வாய்க்கால், படி, பைப் எல்லாம் அந்தக் கோட்டுக்குள்ளேயே போய்விடும்.

நீர் ஒரே ஒரு சீட்டுத்தான் குத்தினீர். 1:50. பைப் இருக்கும் இடத்தில் சந்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்த மாதிரி ஒரு படம். ஒன்பது அங்குல வாய்க்கால். உடுப்புத் துவைக்கிற கல், ஒரு பக்கம் தேய்ந்தது தெரிகிற மாதிரி. தகரக் கூரையின் விளிம்பு, குனியாமல் போனால் நெற்றியில் வெட்டும் உயரத்தில். பைப்பிலிருந்து வரிசையாகப் பதினொரு கேன். தேங்காய் எண்ணெய்க் கேன், பெயின்ட் வாளி, மூடி இல்லாத ஒன்று, கைபிடி உடைந்து கயிறு கட்டியது ஒன்று. ஏழாவது கேனின் கைபிடியில் ஒரு துணி முடிச்சு, முழுப் படத்திலும் அது மட்டும் சிவப்பு. ஆள் ஒருவர்கூட இல்லை. ஆள் நிற்க வேண்டிய இடத்தில் கேன் நிற்கிறது. ஆள் இன்னும் பாயில். மேல் மூலையில் சின்னதாக 4.30 என்று எழுதியிருந்தீர்.

வெளியிலிருந்து வந்திருந்தவர் சாம்பிள் எவ்வளவு என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான், இன்றைக்கு நானும் கேட்பேன். எத்தனை வீடு, எத்தனை நாள், நாலரை என்பது எப்படித் தெரியும்? நீர் இங்கிலீஷில் தொடங்கினீர். தொடங்கிய வசனத்தை நான் இங்கே எழுதமாட்டேன், ஆட்கள் சிரிப்பதற்கு அது பகிடி இல்லை. பாதியில் நின்றது. நீர் என் பக்கம் திரும்பினீர்.

"மிஸ், நாலரைக்குத்தான் பீலியில தண்ணி நல்லா வரும். அஞ்சுக்கு மேல்வீட்டுக்காரங்க மோட்டர் போட்டுருவாங்க."

பீலி. மலையகத்தில் தண்ணீர்க் குழாய்க்கு அதுதான் சொல். நான் வெள்ளவத்தையில் வளர்ந்தவள். செமஸ்டர் தொடக்கத்தில் நீர் அந்தச் சொல்லைச் சொன்னபோது மயில் பீலியைத்தான் நினைத்தேன். நவம்பர் ஆகும்போது நன்றாக விளங்கும். நீர் சொன்ன எல்லாமே விளங்கியது. மேசைக்கு இந்தப் பக்கம் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான். அந்த இரண்டு வசனத்தையும் இங்கிலீஷில் திருப்பிச் சொல்லப் பத்து விநாடி போதும்.

"இன் இங்லிஷ், ப்ளீஸ்" என்றேன்.

அவ்வளவுதான். நீர் கொஞ்ச நேரம் நின்றீர், "தட்ஸ் ஆல்" என்றீர், பையை எடுத்துக்கொண்டு போனீர். சீட்டைக் கழற்றவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு என்னிடம் பதில்கள் இருக்கின்றன. வேலை கிடைத்து ஐந்து மாதம், நிரந்தரமாக்கவில்லை. அதற்கு முதல் கிழமை ஒருவர் பகிடியாகச் சொன்ன ஒரு வசனம் காதுக்குள் நின்றது. அதை எழுதமாட்டேன், அவர் இப்போது நல்ல சிநேகிதர், இதையும் யாரிடமாவது கேட்டு விளங்கிக்கொள்வார். உமக்கு முன்னால் பேசிய ஹம்பாந்தோட்டைப் பிள்ளையும் தடுமாறினார். அவருக்குச் சிங்களத்தில் கைகொடுக்க அந்த மேசையில் நாலு பேர் இருந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்படியிருக்க உமக்கு மட்டும் நான் எப்படி? நல்ல நியாயம்தான். ஆனால் அன்றிரவு பஸ்ஸில், தெஹிவளை தாண்டும்போது கண்டுபிடித்த நியாயம்.

இன்னொன்றும் இருக்கிறது. நாலரை உமக்கு எப்படித் தெரியும் என்பது எனக்குத் தெரியும். ஜூரிக்கு மூன்று கிழமைக்கு முதல், இடம் பார்க்க நான் தனியாக அங்கே வந்த அன்று, இரண்டு கையிலும் கேனோடு நீர் சந்திலிருந்து வெளியே வந்தீர். இரண்டு பேரும் கண்டோம், இரண்டு பேரும் காணாத மாதிரிப் போனோம். சாம்பிள் ஒன்று, ஆனால் ஒரு வருடமாக ஒவ்வொரு நாளும் என்று நான் சொல்லியிருக்கலாம்.

நீரும் சொல்லியிருக்கலாம். "ஐ லிவ் தெயர்", மூன்று சொல். அதற்கு எத்தனை இங்கிலீஷ் வேண்டும்? அதைச் சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தீர். ஒன்பது பேருக்கு முன்னால் நீர் மறைத்ததை நான் உடைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தீரா, காப்பாற்ற வேண்டும் என்றா? எது செய்திருந்தாலும் பிழையாகியிருக்கும். அதை யோசித்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

சரி. அந்த வயதில், அந்த மேசைக்கு முன்னால், நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா? வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்ததையே நான் பள்ளிக்கூடத்தில் சொன்னதில்லை.

ஜூரிக்கு அடுத்த கிழமை வகுப்பில் உங்களுக்கு பட்ரிக் கெடிஸ் பற்றிப் படிப்பித்தேன். நீர் வரவில்லை. நகரத் திட்டமிடல் படிப்பில் எல்லோரும் மனப்பாடம் செய்கிற ஆள்: முதலில் ஆய்வு, பிறகு திட்டம், மருந்து எழுதமுன் நோயைப் பார். 1914இல் தன்னுடைய நகரக் கண்காட்சியோடு சென்னைக்குப் புறப்பட்டார். கண்காட்சி ஏற்றி வந்த கப்பலை எம்டன் மூழ்கடித்துவிட்டது. நம்முடைய அம்மாக்கள் சுழியன் பிள்ளைகளை "எம்டன்" என்று ஏசுவார்களே, அதே ஜெர்மன் கப்பல். இந்த இடத்தில் வகுப்பு எப்போதும் சிரிக்கும். மனுஷன் சோரவில்லை, புதிதாகப் படங்கள் சேர்த்து அடுத்த வருடம் சென்னையில் கண்காட்சி வைத்தார். அங்கே ஊர் ஊராக நடந்தார். நெருக்கமான தெருக்களை இடித்து அகல ரோட்டுப் போடுவதை எதிர்த்தார். சில வீட்டை மட்டும் எடு, கொஞ்சம் காற்றுக்கு இடம் விடு, மற்றதைத் தொடாதே என்றார். 1921இல் கொழும்புக்கும் அறிக்கை எழுதினார். படித்தது உயிரியல், ஒரு பட்டமும் முடிக்கவில்லை. அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லும்போது உம்முடைய கதிரையைப் பார்த்தேன், வெறுமையாக இருந்தது. அப்போது அதை வைத்து நான் ஒன்றும் யோசிக்கவில்லை. நீர் மூன்றாம் வருடத்தில் நிறுத்திப் போன பிறகுதான் யோசித்தேன்.

நீர் போனதற்கு அந்த ஒரு நாள்தான் காரணம் என்று நான் நம்பவில்லை. வீட்டு நிலைமை எனக்கும் தெரியும். நான் போட்ட இரண்டு மெயிலுக்கும் பதில் இல்லை. டோஹாவில் ட்ராஃப்ட்ஸ்மன் என்று கேள்விப்பட்டேன். நல்ல கை, அங்கேயாவது காசு கொடுக்கிறார்கள். ஆனால் எல்லாவற்றையும் என் தலையில் கட்ட வேண்டாம். ஜூரியில் உமக்குக் கிடைத்த அந்த 42 மார்க்கும் நான் தனியாகப் போட்டது இல்லை.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். சீட்டு என்னிடம் இருக்கிறது. அன்று பின்னேரம் கூட்ட வந்தவர்கள் கிழித்துப்போடமுன் கழற்றினேன். மறு வருடத்திலிருந்து, ஒவ்வொரு இரண்டாம் வருடத்துக்கும் முதல் வகுப்பில் அதைத்தான் காட்டுகிறேன். திட்டமிடுபவர் பார்க்க வேண்டியது இது என்று சொல்கிறேன். இந்தக் கேன் வரிசை ஒரு சட்டம், இதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை, ஒருவரும் மீறவும் இல்லை என்று சொல்கிறேன். பிள்ளைகள் போனில் படம் எடுக்கிறார்கள். கீழே "மாணவர் ஆக்கம்" என்று மட்டும் போட்டிருக்கிறேன். பெயர் போட்டால் நீர் எங்கே இருந்தீர் என்பதும் வெளியே வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை. மற்றப் பாதி, அந்தப் படத்துக்கு என்ன மார்க் கிடைத்தது என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

ஒருநாள் வகுப்பில் நீர் கேட்டீர்: சனத்தோடு இருந்து பிளான் போட்டது இந்த நாட்டில் நடந்ததே இல்லையா? நேரம் போய்விட்டது என்று தட்டிக் கழித்தேன். நடந்தது. 1984இல் தொடங்கிய பத்து லட்சம் வீடுகள் திட்டத்தில் தோட்டத்துச் சனமும் அதிகாரிகளும் ஒன்றாக உட்கார்ந்து, எது பிரச்சினை, ஒழுங்கை எவ்வளவு அகலம், யாருக்கு எந்தத் துண்டு என்று முடிவெடுத்தார்கள். வழமையாக ஆறு பேர்ச்சுக்குக் (ஒரு பேர்ச் சுமார் 272 சதுர அடி) குறைந்த துண்டுக்கு அனுமதி இல்லாத இடத்தில் இரண்டு பேர்ச்சுக்கும் விட்டார்கள். அந்த வேலையில் கூட இருந்த நபீல் ஹம்டியும் ரைன்ஹார்ட் கெதர்ட்டும் அதை ஒரு முறையாக எழுதி வைத்தார்கள். உலகம் முழுக்கப் படிப்பிக்கிறார்கள். இங்கே சந்துக்குள் சிங்களத்திலும் தமிழிலும் கதைத்த கதையை எங்கள் பிள்ளைகள் இங்கிலீஷில் படித்து, இங்கிலீஷில் பரீட்சை எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் படித்தேன்.

போர்டில் ஆட்சேபங்கள் வந்தன. விடியப்புறம் பெண்பிள்ளைகளை எப்படி அனுப்புவது, வெளிப் பரீட்சகருக்கு எப்படி விளங்கும், வேலைக்குப் போனால் அறிக்கை எல்லாம் இங்கிலீஷில்தானே என்று. கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உம்முடைய விஷயத்தில் நான் தமிழில் கதைக்கவும் விடவில்லை, இங்கிலீஷ் சொல்லித்தரவும் இல்லை. பக்கத்து அறையில்தான் இருந்தேன், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு சும்மாதான் இருந்தேன்.

உம்முடைய சின்னம்மாவைப் போன வருடம் கண்டேன். தொடர்மாடியில், ஒன்பதாம் மாடியில். தோட்டத்தில் பாதி தகர வேலிக்குள் போய்விட்டது. அங்கே குழாயைத் திருகினால் எந்த நேரமும் தண்ணீர் வருகிறது, அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் சொன்ன மற்றதை இங்கே எழுத முடியாது. போனில் கேளும், அவரே சொல்லுவார். உம்மைப் பற்றிக் கேட்டார். நல்ல பிள்ளை, கெட்டிக்காரன் என்று மட்டும் சொன்னேன். தேத்தண்ணி தந்தார், என்னை "டீச்சர்" என்று கூப்பிட்டார், லிஃப்ட் வரை வந்து விட்டுவிட்டுப் போனார்.

சீட்டு ஒரு குழாய்க்குள் பத்திரமாக இருக்கிறது. திருப்பிக் கேட்டால் அனுப்புகிறேன். வைத்துக்கொள்ளச் சொன்னால் பெயர் போடுகிறேன். வேண்டாம் என்றால் இனிக் காட்டமாட்டேன், அது எனக்குப் பெரிய நட்டம் என்றாலும்.

காட்டினால் ஒன்று தெரிய வேண்டும். அந்த ஏழாவது கேன். ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது கேட்கும், சிவப்புத் துணி ஏன் என்று. தெரியாது என்று நான் சொல்வதில்லை. ஒரு வருடம் நடக்க ஏலாத ஒரு ஆச்சியின் கேன் என்றேன், அதை ஒருவரும் முந்தமாட்டார்கள் என்றேன். இன்னொரு வருடம் இரவு வேலைக்குப் போய் வருகிற ஒருவருடையது என்றேன். பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். பரீட்சையில்கூட ஒருவர் எழுதியிருந்தார், மார்க் போட்டேன்.

அது யாருடைய கேன், தம்பி?