கட்டியின் உறையை விட்டுவைப்பது அரைகுறை வேலையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கும் மூளைத்தண்டை ஒட்டிய எபிடெர்மாய்டு என்ற கட்டிக்கு ஆபரேஷன் முடிந்து, "உறையில் கொஞ்சம் விட்டிருக்கிறோம்" என்று டாக்டர் சொன்னதும் குடும்பமே இடிந்துபோகிறது. கடலூர், புதுச்சேரிப் பக்கம் உடனே மறு ஆபரேஷனுக்குச் சென்னை போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

இது புற்றுநோயல்ல. கருவிலேயே உள்ளே சிக்கிய தோல் செல்கள், மேல்தோல் உரிவதைப் போல உரிந்து, வெளியேற வழியின்றி முத்து நிறத்தில் மெழுகாகச் சேர்கின்றன. மண்டைக்குள் வரும் கட்டிகளில் இது சுமார் 1 சதவீதமே. முகத்தில் மின்னல் வெட்டுவது போன்ற வலி வரலாம். பல்வலி என்று பல்லைப் பிடுங்கிக்கொள்பவர்களும் உண்டு. காது மந்தம், நடையில் தள்ளாட்டமும் வரும்.

சாதாரண எம்.ஆர்.ஐ. படத்தில் இது நீர்க்கட்டி போலத்தான் தெரியும். டிஃப்யூஷன் என்ற தனிவகை எம்.ஆர்.ஐ. படத்தில் எபிடெர்மாய்டு வெள்ளையாக ஒளிரும், மூளையுறையில் நீர் தேங்கி உண்டாகும் அரக்னாய்டு நீர்க்கட்டி கறுப்பாகவே இருக்கும். அந்தப் படம் எடுத்திருக்கிறதா என்று கேளுங்கள்.

காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்து, மைக்ரோஸ்கோப் வழியே முதலில் உள்ளிருப்பதை எடுத்து இடம் உண்டாக்குவார்கள். உறையை உரிப்பது அதற்குப் பிறகுதான். சிக்கலும் அங்கேதான். இந்தக் கட்டி நரம்புகளைச் சுற்றி வளைத்து இடுக்குகளில் நுழைகிறது. மூளைத்தண்டுக்கு ரத்தம் கொண்டுபோகும் மயிரிழை போன்ற குழாய்களிலும் உறை ஒட்டிக்கொள்கிறது. இழுத்தால் வாய் கோணலாம், விழுங்க முடியாமல் போகலாம். குழாய் அறுந்தால் பக்கவாதம். ஒட்டிய இடத்தில் கையை நிறுத்துவதுதான் தேர்ந்த வேலை.

மெழுகு சிந்தினால் கிருமியில்லாமலே மூளைக்காய்ச்சல் வரும். சுற்றிலும் பஞ்சு வைத்து மறைப்பதும் ஸ்டீராய்டு கொடுப்பதும் அதற்காகவே. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வீடு வந்தபின் காய்ச்சலும் கழுத்து விறைப்பும் கண்டால் உடனே போங்கள். கிருமித் தொற்றும் அதே மாதிரிதான் இருக்கும், முதுகில் நீர் எடுத்துப் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். குனியும்போது மூக்கில் தெளிந்த நீர் சொட்டினால் அது சளியல்ல. காதெலும்பின் காற்றறைகள் வழியே கசியும் மூளைநீராக இருக்கலாம்.

விட்ட உறை மறுபடி வளரலாம், ஆனால் பல ஆண்டுகளில் மெதுவாக. டாக்டர் சொல்லும் இடைவெளியில் டிஃப்யூஷனோடு எம்.ஆர்.ஐ. எடுங்கள். பண்ருட்டியிலிருந்தோ சிதம்பரத்திலிருந்தோ பஸ் பிடித்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு வரும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. ஆபரேஷன் முடிந்து எடுத்த முதல் படத்தின் சிடியும் கையில் இருக்க வேண்டும். வளர்ந்ததா என்று அதோடுதான் ஒப்பிடுவார்கள்.

நரம்பியல் அறுவை சிகிச்சைப் பணியாளர்கள்,
புதுச்சேரி.