எலுமிச்சைச் சாறு விற்ற குழந்தைக்கு எதற்கு அபராதச் சீட்டு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் வீட்டு வாசலில் போடும் சின்னக் கடைகளைப் பற்றி உங்கள் இதழில் ஒரு வாசகர் கடிதம் படித்தேன். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், இன்று குழந்தை என்று விட்டால் நாளைக்குப் பெரியவர்கள் குழந்தையை முன்னால் உட்காரவைத்து வியாபாரம் பண்ணுவார்கள் என்று அவர் எழுதியிருந்தார். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் லண்டன் தெருச்சந்தை ஒன்றில் நெடுங்காலமாகத் துணிக்கடை போட்டு, கவுன்சிலுக்கு, அதாவது உள்ளாட்சி மன்றத்துக்கு, உரிமக் கட்டணம் கட்டிவருகிறவன். இந்த விதிகள் யாருடைய பிழைப்பைக் காப்பாற்ற இருக்கின்றன என்கிறார்களோ, அந்த ஆட்களில் நானும் ஒருவன். அதனால்தான் எழுதுகிறேன்.

2017 ஜூலையில் கிழக்கு லண்டனின் மைல் எண்ட் பகுதியில் நடந்ததைப் பலர் மறந்திருக்கலாம். அருகில் இசைவிழா நடந்துகொண்டிருந்தது. ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, அப்பாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை போட்டு எலுமிச்சைச் சாறு விற்றாள். சின்னக் கோப்பை 50 பென்ஸ், பெரியது ஒரு பவுண்டு. டவர் ஹாம்லெட்ஸ் கவுன்சிலின் அமலாக்க அதிகாரிகள் நான்கு பேர் வந்தார்கள். ஒருவர் தன் உடையில் மாட்டியிருந்த கேமராவை இயக்கிவிட்டு, நீளமான சட்ட வாசகம் ஒன்றை வாசித்தார். அனுமதியில்லாமல் தெரு வியாபாரம் செய்ததற்கு 150 பவுண்டு அபராதம், சீக்கிரம் கட்டினால் 90 பவுண்டு. குழந்தை அழ ஆரம்பித்து, தான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா என்று திரும்பத் திரும்பக் கேட்டதாக அப்பா பிறகு எழுதினார். செய்தி பரவிய பிறகு கவுன்சில் அபராதத்தை ரத்து செய்து மன்னிப்பும் கேட்டது.

மன்னிப்புக் கேட்டாயிற்றே, அப்புறம் என்ன என்று கேட்பார்கள். அந்த அப்பாவுக்குப் பத்திரிகையில் எழுதத் தெரிந்திருந்தது, எழுத இடமும் கிடைத்தது. அது இல்லாத வீட்டில் என்ன நடந்திருக்கும்? ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் பேசும் அம்மா என்றால், பயந்துபோய் அன்று மாலையே 90 பவுண்டைக் கட்டியிருப்பார். நம் வீடுகளிலும் அப்படித்தான் நடக்கும். கவுன்சிலிலிருந்து ஒரு காகிதம் வந்தால் முதலில் பணத்தைக் கட்டு, பிறகு பேசலாம் என்றுதானே பழகியிருக்கிறோம்.

எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம் சட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. "அனுமதி வாங்கவில்லை" என்பதுதான் குற்றச்சாட்டு. சரி, அந்தச் சிறுமி முறைப்படி அனுமதி கேட்டுப் போயிருந்தால் கிடைத்திருக்குமா? லண்டனின் பெரும்பகுதியில் தெரு வியாபாரத்தைக் கட்டுப்படுத்துவது 1990-ஆம் ஆண்டு லண்டன் உள்ளாட்சிச் சட்டம். இங்கிலாந்தின் மற்ற ஊர்களுக்கு 1982-ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டிலுமே 17 வயது நிரம்பாதவருக்கு உரிமம் கிடையாது. நடந்து திரிந்து விற்கிறவர்களுக்கான 1871-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதிலும் 17 வயதுதான். ஆக, எந்தக் கதவைத் தட்டினாலும் திறக்காது. கொடுக்கவே முடியாத ஒரு தாளைக் காட்டு என்று ஐந்து வயதுக் குழந்தையிடம் கேட்கிறோம். இங்கிலாந்தில் பத்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தையைக் குற்றவாளியாக்கவே சட்டம் இடம் தரவில்லை. சீட்டு அப்பாவிடம் போனது. ஆனால் அதிகாரிகள் வந்து நின்றது அவள் மேசைக்கு முன்னால். அழுததும் அவள்தான்.

வீட்டு வாசலுக்குள்ளேயே போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. லண்டன் சட்டத்தில் "தெரு" என்பது நடைபாதையோடு முடிவதில்லை. நிரந்தரமாக அடைக்கப்படாமல், காசு கொடுக்காமல் யாரும் வந்துபோகக்கூடிய இடம், சாலையிலிருந்தோ நடைபாதையிலிருந்தோ 7 மீட்டருக்குள் இருந்தால் அதுவும் தெருதான். கடைக்காரர்கள் முன்வாசலில் சாமான் பரப்பி விதியிலிருந்து நழுவக்கூடாது என்பதற்கு இது நல்ல ஏற்பாடு. சுற்றுச்சுவரோ கேட்டோ இல்லாத வீட்டின் முன்னால் பிள்ளை போடும் மேசையும் இதே வலையில் விழ வாய்ப்பிருக்கிறது.

எங்கள் சந்தையில் விதிகள் எப்படி நடக்கின்றன என்று சொல்கிறேன். தரையில் பெயின்ட் கோடு போட்டிருக்கும். நான் துணி மாட்டும் கம்பி அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு சாண் நீண்டாலும் அதிகாரி வந்து காலால் தொட்டுக் காட்டுவார். உரிம அட்டை கண்ணுக்குத் தெரியும்படி தொங்க வேண்டும். மழை என்று தார்ப்பாயை இழுத்துக் கட்டினால், சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு இடிக்குமா என்று பார்ப்பார். இதில் எனக்குக் கோபமே இல்லை. கோடு இல்லாவிட்டால் பலசாலி நடைபாதை முழுவதையும் வளைத்துக்கொள்வான், குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு வரும் பெண் ரோட்டில் இறங்கித்தான் போகவேண்டியிருக்கும். நாங்கள் கட்டணம் கட்டுகிறோம், கட்டாதவன் எதிரில் வேனை நிறுத்தி விற்றால் எங்களுக்கு வயிற்றில் அடி. விதி வேண்டும் என்று நான் இதனால்தான் சொல்கிறேன். பள்ளி விடுமுறை நாளில் ஒரு குழந்தை விற்கும் பத்துக் கோப்பைச் சாறு இந்தக் காரணங்களில் எதைத் தொடுகிறது? எங்கள் சந்தையில் யாருக்கும் அதனால் ஒரு பென்னி குறையாது.

நல்ல அதிகாரிகளையும் பார்த்திருக்கிறேன், அதையும் எழுதாவிட்டால் நியாயமில்லை. எங்கள் சந்தைக்குப் பின்தெருவில் இரண்டு பிள்ளைகள் பழைய பொம்மைகளையும் கதைப் புத்தகங்களையும் ஒரு போர்வையில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். ரோந்து வந்த அதிகாரி நின்று பார்த்தார். அவர்களின் அம்மாவைக் கூப்பிட்டு, "போர்வையைச் சுவரோடு சேர்த்து இழுத்துக்கோங்க, நடக்கிறவங்களுக்கு வழி விடுங்க, இருட்டுறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நடைபாதையில் வழி வேண்டும் என்ற விதியின் நோக்கம் அந்த ஒரு நிமிடத்தில் நிறைவேறிவிட்டது. சீட்டுப் புத்தகத்தை எடுக்கவே இல்லை. ஆனால் இது அந்த ஆளின் நல்ல மனசைப் பொறுத்த விஷயமாக இருப்பதுதான் குறை. அவருக்குப் பதில் அன்று வேறொருவர் வந்திருந்தால்?

குழந்தைத் தொழிலாளர் பற்றிய கவலையை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. 1933-ஆம் ஆண்டு சிறார் சட்டம் பிள்ளைகள் தெருவில் வியாபாரம் செய்வதைத் தடுக்கிறது. 14 வயது நிரம்பிய பிள்ளை பெற்றோரின் கடையில் நிற்கலாம் என்று கவுன்சில் உபவிதி போட்டால் மட்டும் விதிவிலக்கு. தெருவில் பத்திரிகையும் தீப்பெட்டியும் விற்று, குளிரில் நின்று வளர்ந்த பிள்ளைகளின் காலத்திலிருந்து வந்த தடை இது. நம் ஊர்களில் சிக்னலில் கார்க் கண்ணாடியைத் தட்டி விற்கும் பிள்ளைகளைப் பார்த்த யாரும் அந்தச் சட்டம் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். பசிக்காக நாள் முழுக்க நிற்கவைக்கப்படும் பிள்ளையையும், ஒரு மதியம் விளையாட்டாகக் கடை போட்டு, மீதிச் சில்லறையை விரல்விட்டு எண்ணும் பிள்ளையையும் ஒரே தராசில் போடக்கூடாது என்பதுதான் என் வாதம். முன்னதைப் பார்த்தால் அதிகாரி நிற்க வேண்டும், விசாரிக்க வேண்டும். அதற்கும் அபராதச் சீட்டு மருந்தில்லை.

இது லண்டன் கதை மட்டுமில்லை. 2010-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் கலைச்சந்தை ஒன்றில் எலுமிச்சைச் சாறு விற்ற ஏழு வயதுச் சிறுமியிடம், 120 டாலர் உணவக உரிமம் இல்லை, 500 டாலர் வரை அபராதம் வரும் என்று சுகாதார ஆய்வாளர்கள் சொன்னார்கள். அந்த மாவட்ட (கவுண்டி) நிர்வாகத் தலைவர் பிறகு மன்னிப்புக் கேட்டார். 2011-இல் மேரிலாந்தின் பெதஸ்டாவில், குழந்தைகளின் புற்றுநோய்க்கு நிதி திரட்டக் கடை போட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு 500 டாலர் அபராதம் எழுதி, எதிர்ப்பு வந்ததும் விலக்கிக்கொண்டார்கள். 2016-இல் கனடாவின் ஒட்டாவாவில் ஐந்தும் ஏழும் வயதான அக்கா தங்கை கடையை எடுக்கவைத்துவிட்டு, அங்கேயும் மன்னிப்பு. எங்கே பார்த்தாலும் இதே வரிசைதான்: முதலில் சீட்டோ மிரட்டலோ, பிறகு செய்தி, கடைசியில் மன்னிப்போ பின்வாங்கலோ.

சில இடங்களில் அதோடு நிற்காமல் சட்டத்தையே திருத்தினார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 2017-இல், எப்போதாவது கடை போடும் சிறுவர்களிடம் உள்ளூர் நிர்வாகம் உரிமம் கேட்கக்கூடாது என்றது. டெக்சாஸில் 2019 செப்டம்பர் முதல், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் தனியார் இடத்திலோ பொதுப் பூங்காவிலோ மது கலக்காத பானம் விற்பதை ஊராட்சிகள் தடுக்க முடியாது. கொலராடோவும் அதே வருடம் வழிசெய்தது. இலினாய் மாநிலத்தில் 2021-இல் இப்படி ஒரு சட்டம் கையெழுத்தானது.

இங்கே அப்படிச் செய்தால் சட்டம் கெட்டுவிடும் என்கிறவர்கள் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொஞ்சம் படிக்கட்டும். வீடுவீடாகப் பால் போடுகிறவர் போன்ற சுற்று வியாபாரிகளுக்கு அதில் விலக்கு. செய்தித்தாள் மட்டும் விற்கிறவருக்கு விலக்கு. பெட்ரோல் பங்கில் விற்பதற்கு விலக்கு. பெரியவர்கள் பிழைப்புக்கு இத்தனை விலக்கு எழுதிய கைக்குப் பிள்ளைகளுக்காக இன்னும் ஒரு வரி எழுத முடியாதா?

அந்த வரி எப்படி இருக்கலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். 16 வயதுக்குக் கீழே உள்ளவர், பெரியவர் ஒருவர் அருகில் இருக்க, குடியிருப்புத் தெருவில், வருடத்தில் சில நாட்கள் மட்டும். நடைபாதையில் இரண்டு பேர் தாராளமாகப் போக வழி. சாறு, பிஸ்கட், பழைய பொம்மை சரி. இறைச்சி, க்ரீம் போட்ட பண்டம், மது வேண்டாம். பிள்ளையை முன்னால் வைத்துப் பெரியவர் வியாபாரம் செய்வார் என்ற அந்த வாசகரின் பயத்துக்கு நாட்கணக்கே பதில். வருடத்தில் நாலைந்து நாள் கடையால் யாரும் குடும்பம் நடத்த முடியாது. இதை மீறினாலும் முதலில் வாய்வார்த்தை, பிறகு பெற்றோருக்குக் கடிதம் என்று போகட்டும்.

சட்டம் மாற நாளாகும். அதுவரை ஒவ்வொரு கவுன்சிலும் தன் அமலாக்கக் கொள்கையில் இதை எழுதிவைக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. என் வார்டு கவுன்சிலருக்கு இதே விவரங்களோடு கடிதம் அனுப்பியிருக்கிறேன். வாசகர்களும் தங்கள் கவுன்சிலருக்கு எழுதி, "எங்கள் பகுதியில் பிள்ளைகளின் கடைக்கு என்ன நடைமுறை?" என்று எழுத்தில் பதில் கேட்க வேண்டுகிறேன். இப்படி ஒரு சீட்டு ஏற்கெனவே வந்திருந்தால் அவசரப்பட்டுக் கட்டிவிட வேண்டாம். குறைந்த தொகையில் கட்டுவதற்கான கெடு முடிவதற்குள், பிள்ளையின் வயதையும் நடந்ததையும் குறிப்பிட்டு, ரத்து செய்யும்படி கவுன்சிலுக்கு எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதச் சிரமப்படுகிறவர்கள் உங்கள் இதழ் வழியாக என்னைத் தொடர்புகொண்டால் கடிதம் எழுத உதவுகிறேன்.

அன்புடன்,
தெருச்சந்தை வியாபாரி ஒருவர்,
லண்டன்