ஏரியல் நீளமாக இருந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னை எஃப்.எம். சரியாகக் கிடைக்கவில்லை என்றால், ரேடியோவின் இழுப்புக் கம்பியில் இருபது அடி ஒயரை முறுக்கி மொட்டைமாடிக்குக் கொண்டுபோவது வேலூர், காட்பாடிப் பக்கம் பலர் செய்வது. சிற்றலைக்கு இது உதவும். எஃப்.எம்.முக்கு நீளம் கூடுவதைவிட அலைக்கேற்ற சரியான அளவுதான் முக்கியம்.

300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். சென்னை வானொலியின் ரெயின்போ எஃப்.எம். 101.4 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 2.96 மீட்டர். டைபோலுக்கு, அதாவது நடுவில் ஒயர் இணைக்கும் இரு துண்டு ஏரியலுக்கு, அதில் பாதி வேண்டும். கம்பியின் முனைகளில் ஏற்படும் விளைவால் சுமார் 5 சதவீதம் குறைத்து 1.41 மீட்டர் வைக்க வேண்டும். அதாவது, விரல் தடிமன் அலுமினியக் குழாய் 70 செ.மீ.க்கு இரண்டு துண்டு. ஒரே நேர்கோட்டில், நடுவில் 2 செ.மீ. இடைவெளி விட்டு, பிளாஸ்டிக் துண்டில் பொருத்துங்கள். கேபிள் டி.வி.க்குப் போடும் 75 ஓம் ஒயரின் நடுக்கம்பி ஒரு குழாய்க்கு, மேல்வலை மற்றதற்கு. டைபோலின் தடையும் ஏறக்குறைய 73 ஓம் என்பதால் இந்த ஒயர் அப்படியே பொருந்தும்.

குழாய்கள் வடக்கு தெற்காக நீண்டால்தான் கிழக்கே சென்னையை நோக்கும். முனை காட்டும் திசையில் டைபோல் கேட்காது. படுக்கையாக வைத்துக் கேட்டுவிட்டு, செங்குத்தாகவும் நிறுத்திப் பாருங்கள். இன்னும் வலு வேண்டுமானால் பின்னால், மேற்கே 60 செ.மீ. தள்ளி 1.48 மீட்டர் குழாய் ஒன்று, ஒயர் இணைக்காமல். பல குழாய்களை வரிசையாக அடுக்கிய யாகி ஆன்டெனாவின் முதல் படி அது. பழைய டி.வி. ஆன்டெனாவை அப்படியே மாட்டினால் ஏமாற்றம் வரலாம்: அது வேறு சேனலுக்கு வெட்டியது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எஃப்.எம். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போவது. சென்னையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 125 கி.மீ. என்பதால் வேலூர் அடிவானத்துக்கு அப்பால் இருக்கிறது. கோட்டைக்குக் கிழக்கே உள்ள மலையடித் தெருக்களில் மலை நிழலும் சேர்கிறது. அதிகாலையில் தெளிவாகக் கேட்டது வெயில் ஏறியதும் மங்கினால் ஆன்டெனாவைக் குறை சொல்லாதீர்கள். கடையில் விற்கும் பூஸ்டரும் இல்லாத சிக்னலை உண்டாக்காது, இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும்.

பகலில் நம்பகமானது சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலைதான், தரையை ஒட்டி வரும். அலைநீளம் 417 மீட்டர். அதில் கால் பங்கே 104 மீட்டர். அந்த உயரத்துக்குக் கோபுரம் நிறுத்துவது ஒலிபரப்புகிறவர் வேலை. கேட்கிற நமக்கு ரேடியோவுக்குள் உள்ள விரல் நீள ஃபெரைட் தண்டே (மெல்லிய ஒயர் சுற்றிய கருப்புத் தண்டு) போதும். இந்த அலைவரிசையில் வானத்து இரைச்சலே அதிகம். ஏரியலைப் பெரிதாக்கினால் அதுவும் கூடவே பெருகும். பெரும்பாலான செட்டுகளில் இழுப்புக் கம்பிக்கு இங்கே வேலையே இல்லை. தண்டு வடக்கு தெற்காக அமையும்படி செட்டைத் திருப்பி, எல்.இ.டி. பல்பையும் செல்போன் சார்ஜரையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

மாடியில் பெரும்பாலும் பழுதாவது ஒயர் இணைப்புதான். மழைநீர் மேல்வலை வழியாக இறங்கினால் சில மாதத்தில் செம்பு பச்சையாகும். அலுமினியத்தில் செம்பை நேராக முறுக்காமல் எஃகுத் திருகும் வாஷரும் போட்டு, ரப்பர் டேப் சுற்றுங்கள். மின்கம்பி அருகே நிறுத்தவே கூடாது. இடி இடிக்கும் முன்பே ஒயரைச் செட்டிலிருந்து கழற்றிவிடுங்கள்.

வாசகர்,
காட்பாடி