பாட்டிகளை எங்கே விட்டுவிட்டார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூன்று தோழிகள் மீண்டும் இளமையாகும் நகைச்சுவைப் படத்துக்கு நீங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியிட்ட விமர்சனத்தைப் படித்தேன். இளைஞர்களுக்கு ஏமாற்றம்தான், பாட்டிமார்கள் பார்த்து ரசிக்கலாம் என்று முடித்திருந்தார் விமர்சகர். எனக்கு 71 வயது. பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். உடன் வேலை பார்த்த இரண்டு ஆசிரியைகள், செவிலியராக இருந்த ஒரு தோழி என்று நாலு பேராகப் போய்ப் பார்த்தோம். நாலு பேரில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

ஆசையாகத்தான் போனோம். எங்கள் வயதுப் பெண்களை நடுவில் வைத்துக் கதை சொல்லும் படம் எப்போதாவதுதான் வருகிறது. முதல் இருபது நிமிடம் நன்றாகவும் இருந்தது. மூன்று மூத்த நடிகைகளும் ஒரு திண்ணையில் உட்கார்ந்து, மகன் எத்தனை நாளுக்கு ஒருமுறை போன் செய்கிறான், செய்தால் எத்தனை நிமிடம் பேசுகிறான் என்று கணக்குப் பார்க்கும் காட்சியில் அரங்கமே சிரித்தது. எங்களுக்குப் பின்வரிசையில் இருந்த கல்லூரிப் பையன்களும் சிரித்தார்கள். அதில் ஒருவன், “எங்க ஆச்சியும் இப்படித்தான்டா” என்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அப்புறம் அந்த மாயம் நடக்கிறது. மூவரும் இளமையாகிறார்கள். அந்த நடிகைகள் போய் மூன்று இளம்பெண்கள் வருகிறார்கள். பழைய மூவரைக் கடைசி ஐந்து நிமிடம் வரை நாங்கள் பார்க்கவே இல்லை. அரங்கில் இருந்த சிரிப்பும் அவர்களோடு போய்விட்டது. ஏனென்றால் புதிதாக வந்த பெண்களுக்குள் எழுபது வருடம் வாழ்ந்த மனசு இல்லை. நடையில் இல்லை, பேச்சின் இழுப்பில் இல்லை, எழுந்திருக்கும்போது தன்னையறியாமல் முழங்காலில் கை ஊன்றும் பழக்கத்தில்கூட இல்லை. வெறும் மூன்று இளம்பெண்கள் நடனமாடி விழுந்து எழுந்தார்கள். பின்வரிசைப் பையன்கள் இடைவேளைக்கு முன்பே போனை எடுத்துவிட்டார்கள்.

இந்தக் கதையை நன்றாகச் சொல்ல முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2014-இல் கொரியாவில் ‘மிஸ் கிரானி’ என்ற படம் வந்தது. 74 வயதுப் பாட்டி படம் எடுத்துக்கொள்ள ஸ்டுடியோவுக்குள் போய் 20 வயதுப் பெண்ணாக வெளியே வருகிறாள். சீனம், ஜப்பான், வியட்நாம் என்று பல நாடுகளில் அதைத் திரும்ப எடுத்தார்கள். 2019-இல் தெலுங்கில் நந்தினி ரெட்டி ‘ஓ பேபி’ என்று எடுத்தார். அதில் லட்சுமி பாட்டி, சமந்தா இளமையான பாட்டி. சமந்தா வாயைத் திறந்தால் உள்ளிருந்து லட்சுமிதான் பேசுவது போல இருக்கும். நான் விழுந்து விழுந்து சிரித்தது அந்தப் பொருத்தத்துக்காகத்தான். ரத்தம் கொடுத்தால் இளமை போய்விடும் என்று தெரிந்தும் அந்தப் பாட்டி பேரனுக்குக் கொடுப்பாள். அங்கே இளமைக்கு ஒரு விலை இருந்தது. இந்தப் படத்தில் இளமை சும்மா வருகிறது, சும்மா போகிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒரு காட்சியை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. இளமையாவதற்கு முன்னால் மூவரில் ஒருவர் கடைக்குள் தும்முகிறார். புடவை நனைந்துவிடுகிறது. கடையில் இருப்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். பின்னணியில் கோமாளி இசை.

எங்களோடு வந்த ஆசிரியை ஒருவருக்கு அந்தத் தொல்லை உண்டு. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பிரசவங்களுக்குப் பிறகும், மாதவிடாய் நின்ற பிறகும் இடுப்புக்குள் இருக்கும் தசைகள் தளர்ந்து போவதால் பல பெண்களுக்கு இது வருகிறது. தும்மினால், இருமினால், வாய்விட்டுச் சிரித்தால் சிறுநீர் கசியும். சிரிப்புப் படம் என்பதாலேயே அவர் முதலில் வரத் தயங்கினார். நாங்கள்தான் வற்புறுத்தி அழைத்துப் போனோம். அந்தக் காட்சி வந்ததும் எழுந்து வெளியே போனவர் திரும்பி வரவில்லை. இடைவேளையில் போய்ப் பார்த்தால் வாசல் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செவிலியர் தோழி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தத் தசைகளை இறுக்கும் பயிற்சிகள் இருக்கின்றன, ஒழுங்காகச் செய்தால் பலருக்கு நன்றாகவே குறைகிறது, டாக்டரிடம் சொல்ல வெட்கப்படவே கூடாது என்று அன்றைக்குத்தான் அவரிடம் சொல்ல முடிந்தது. இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் எங்களிடம்கூட இதை முழுதாகச் சொன்னதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இளமையானதும் படத்தில் மூவரும் முதலில் கண்ணாடிக்கு ஓடுகிறார்கள். கன்னத்தைத் தடவிப் பார்க்கிறார்கள். நானாக இருந்தால் ஊசியில் நூல் கோத்துப் பார்ப்பேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் காஜா எடுக்கச் சொல்லிக் கொடுத்தவள், இன்று நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுகிறேன். செவிலியர் தோழி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவேன் என்றார். கணவரை இழந்த தோழி, “இருபது வயசுக்குத் திரும்பிப் போனாலும் அங்கே அவர் இருக்க மாட்டாரே, நான் மட்டும் போய் என்ன செய்ய?” என்றார். வீட்டுக்கு வரும் வழியில் நாங்கள் பேசிய இந்த மூன்றில் ஒன்றையாவது படம் எடுத்தவர்கள் யாரிடமாவது கேட்டிருக்கலாம். முதுமையைத் தாமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, கட்டுப்பாடில்லாமல் ஊர் ஊராக நடந்த ஔவையின் கதை இருக்கும் மொழி இது. வயதாவதில் ஒரு பெண்ணுக்குக் கிடைப்பதும் உண்டு என்ற நினைப்பே இந்தப் படத்துக்கு வரவில்லை.

விமர்சகரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பாட்டிமார்கள் ரசிப்பார்கள் என்று எழுதுவதற்கு முன்னால், அரங்கை விட்டு வெளியே வரும் எங்களில் ஒருவரை நிறுத்திக் கேளுங்கள். நின்று பதில் சொல்வோம்.

பாதியில் எழுந்து போன எங்கள் தோழி படத்தின் முடிவு என்ன என்று இன்றுவரை கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை ஒருவர்