ஜெமினியின் குரல் மட்டும்தானா பி.பி.எஸ்.?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கறுப்பு வெள்ளைக் காலத்துத் திரைப்பாடல்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். விஸ்வநாதன் - ராமமூர்த்தியின் வாத்தியச் சேர்க்கை பற்றிய பத்திகள் அருமை. ஆனால் பின்னணிப் பாடகர் பி.பி.ஸ்ரீநிவாஸுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி: ஜெமினி கணேசனின் குரலாக ஒலித்தவர். முப்பது வருடமாக எந்தப் பத்திரிகையைப் புரட்டினாலும் இதே ரப்பர் ஸ்டாம்ப்தான். இந்த முறை பொறுக்க முடியவில்லை.

ஜெமினிக்கு அவர் பாடவில்லை என்று சொல்ல வரவில்லை. ‘பாவமன்னிப்பு’ படத்தின் ‘காலங்களில் அவள் வசந்தம்’, ‘சுமைதாங்கி’யில் ‘மயக்கமா கலக்கமா’, ‘ராமு’வில் ‘நிலவே என்னிடம் நெருங்காதே’ எல்லாமே ஜெமினிக்குத்தான். பொருத்தம் என்றால் அப்படி ஒரு பொருத்தம். ஆனால் பி.பி.எஸ்ஸுக்கு முன்பே ஏ.எம்.ராஜா ஜெமினிக்குப் பாடியிருக்கிறார். 1969-ல் ‘சாந்தி நிலையம்’ படத்தில் எஸ்.பி.பி. பாடினார். அவரை யாரும் ஜெமினியின் குரல் என்று எழுதுவதில்லையே? ‘எதிர்நீச்சல்’ படத்தின் ‘தாமரைக் கன்னங்கள்’ நாகேஷுக்கு. ‘ரோஜா மலரே ராஜகுமாரி’ சி.எல்.ஆனந்தனுக்கு. ‘நினைப்பதெல்லாம் நடந்துவிட்டால்’ வந்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தில் ஜெமினியே கிடையாது!

ஓசூரைத் தாண்டிவிட்டால் கதையே வேறு. அங்கே அவர் கன்னட நடிகர் ராஜ்குமாரின் குரல். ‘பங்காரத மனுஷ்யா’, ‘கஸ்தூரி நிவாச’ பாட்டுகளையெல்லாம் அங்கே ஆட்டோக்காரர் முதல் அதிகாரி வரை முணுமுணுப்பார்கள். 1974-ல் ‘சம்பத்திகெ சவால்’ படத்தில் ராஜ்குமாரே ஒரு பாட்டைப் பாடி, பிறகு தன் பாட்டைத் தானே பாடத் தொடங்கும்வரை அப்படித்தான் இருந்தது. ‘கந்தத குடி’ படத்தில் வரும் ‘நாவாடுவ நுடியே கன்னட நுடி’ கன்னட மொழிப் பெருமைக்கே அடையாளமாகிவிட்ட பாட்டு. பாடியவரோ காக்கிநாடாவில் பிறந்து சென்னையில் குடியிருந்த தெலுங்குக்காரர். இத்தனை பேருக்குக் குரல் என்றால், அது அவருடைய குரல் என்று சொல்லிவிட்டுப் போகலாமே.

‘அடுத்த வீட்டுப் பெண்’ (1960) பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அடுத்த வீட்டு அஞ்சலிதேவி மீது டி.ஆர்.ராமச்சந்திரனுக்குக் காதல். பாட்டுத்தான் வராது. நண்பர் தங்கவேலு மறைவில் நின்று பாட, இவர் ஜன்னலோரம் வாயை அசைப்பார். ‘கண்ணாலே பேசிப் பேசிக் கொல்லாதே’ வந்தது அந்தப் படத்தில்தான். யோசித்துப் பாருங்கள்: ராமச்சந்திரன் பாடவில்லை, தங்கவேலுவும் பாடவில்லை. இரண்டு பேருக்கும் பின்னால், படத்தில் தலையே காட்டாமல் மூன்றாவதாக ஒருவர் நிற்கிறார். தியேட்டரே சிரித்த அந்த வேடிக்கையைத்தான் நாம் எழுத்தில் நிஜமாகவே செய்துகொண்டிருக்கிறோம்.

நான் எண்பதுகளில் தஞ்சைப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் பாங்கோஸ் என்ற ஜோடித் தாளவாத்தியம் வாசித்தவன். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா என்று வாரத்துக்கு இரண்டு கச்சேரி இருக்கும். டி.எம்.எஸ். பாட்டு என்றால் எங்கள் பாடகருக்குக் கொண்டாட்டம். எடுத்த எடுப்பில் உச்சிக்குப் போனால் கைதட்டல் நிச்சயம். பி.பி.எஸ். பாட்டுச் சீட்டு வந்தால் முகம் சுருங்கிவிடும். ‘மயக்கமா கலக்கமா’வைக் கத்தியும் பாட முடியாது, சத்தம் குறைத்தால் பந்திக்குக் கூப்பிடும் சத்தத்தில் பாட்டு காணாமல் போகும். மைக் செட்காரர் உதவி செய்வதாக நினைத்து எக்கோவைத் திருகுவார், இருந்த கொஞ்சநஞ்சமும் குழம்பிவிடும். மேலே ஏறும்போதும் குரல் தடிக்கக் கூடாது, கீழே இறங்கும்போதும் சொல் மங்கக் கூடாது. மூச்சு வாங்குவதும் தெரியக் கூடாது. எங்கள் ஆர்மோனியக்காரர் ஒருநாள் அலுத்துப்போய், “இந்த மனுஷன் பாட்டை மட்டும் கூட்டம் கலைஞ்சப்புறம் வெச்சுக்கலாம்டா” என்றார். அப்படியேதான் செய்தோம். பதினோரு மணிக்கு மேல், எஞ்சியிருக்கும் இருபது முப்பது பேருக்காக ‘நிலவே என்னிடம் நெருங்காதே’. அந்த நேரத்தில் ஒரு நாற்காலி நகராது.

ரேடியோவில் கேட்டபோது சுலபமான பாட்டு என்று நானும் நினைத்தவன்தான். பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டபோதுதான் புரிந்தது.

பி.பி. என்பதன் விரிவு பலருக்குத் தெரியாது: பிரதிவாதி பயங்கரம். எதிர்வாதம் செய்ய வருகிறவர்களை நடுங்க வைப்பவர் என்று பொருள்படும் வைணவக் குடும்பப் பட்டம். வேங்கடேச சுப்ரபாதத்தை இயற்றியவரும் பிரதிவாதி பயங்கரம் அண்ணாதான். அவ்வளவு மென்மையான குரலுக்கு இப்படி ஒரு முன்னொட்டு! பையனுக்குச் சினிமாவில் பாடும் யோகம் இல்லை என்று ஜோசியர் ஒருவர் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. வீணை வித்வான் ஈமனி சங்கர சாஸ்திரி மூலம் ஜெமினி ஸ்டுடியோவுக்குள் நுழைந்து, 1952-ல் ஸ்டுடியோ அதிபர் வாசனின் ‘மிஸ்டர் சம்பத்’ இந்திப் படத்தில் பாடினார். அடுத்த வருடம் தமிழில் பாடிய படத்தின் பெயர் என்ன தெரியுமா? ‘ஜாதகம்’. ஜோசியர் பார்த்திருப்பாரோ என்னவோ.

‘மயக்கமா கலக்கமா’ பற்றிக் கவிஞர் வாலி மேடைகளில் பலமுறை சொன்ன சம்பவத்தையும் கட்டுரையாளர் சேர்த்திருக்கலாம். வாய்ப்புக் கிடைக்காமல் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பவிருந்த வாலியைப் பார்க்கப் போன பி.பி.எஸ்., புதிதாகப் பாடிய பாட்டு என்று இதைப் பாடிக் காட்டினாராம். கேட்ட வாலி ஊருக்குப் போகும் எண்ணத்தையே விட்டுவிட்டார். எழுதியது கண்ணதாசன்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அறைக்கு அதைக் கொண்டுபோனது எந்த நடிகரும் இல்லை.

1990-களில் வேலை நிமித்தமாகச் சென்னைக்கு வந்தவன் கதீட்ரல் சாலை டிரைவ்-இன் உட்லண்ட்ஸில் அவரை மூன்று நான்கு தடவை பார்த்திருக்கிறேன். தலைப்பாகை, சட்டைப் பை கொள்ளாமல் கலர் கலராகப் பேனாக்கள், மேஜை மேல் காகிதக் கட்டு. ஒரு வரி எழுதுவார், பேனாவை மாற்றுவார், அடுத்த வரி வேறு மையில் வரும். கஜல் எழுதுகிறார், எட்டு மொழியில் கவிதை எழுதுவார் என்று நண்பர் காதைக் கடித்தார். “போய்ப் பேசுடா, நாலு மேஜைதான்” என்று தள்ளிவிடவும் பார்த்தார். நான் போகவில்லை. அவர் பாட்டுக்குக் கூட்டம் கலையும்வரை காத்திருந்தவர்கள் நாங்கள் என்பதை எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

2008-ல் அந்த ஓட்டலும் மூடப்பட்டது. இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா.

இன்னொரு விஷயம், கட்டுரைக்குத் தேவையில்லாவிட்டாலும் எனக்குப் பிடித்தது. மனிதன் நிலவில் கால் வைத்தபோது பி.பி.எஸ். ஆங்கிலத்தில் ஒரு பாட்டெழுதி, எஸ்.ஜானகியோடு இசைத்தட்டாகவே வெளியிட்டார். ‘நிலவே என்னிடம் நெருங்காதே’ பாடி மூன்று வருடத்தில், நிலவை நெருங்கினவர்களுக்கு வாழ்த்து!

2013 ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள் அவர் காலமானார். ஆறே வாரத்தில் டி.எம்.எஸ்ஸும் போனார். அன்றைக்கும் எத்தனையோ அஞ்சலிக் குறிப்புகளில் ஜெமினியின் குரல் ஓய்ந்தது என்றுதான் இருந்தது. ஜெமினி 2005-லேயே மறைந்துவிட்டார் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

உங்கள் கட்டுரையில் பி.பி.எஸ். பற்றிய அந்த ஒற்றை வரிக்குப் பக்கத்தில் போட்டிருந்த படமும் ஜெமினியுடையதுதான். தலைப்பாகையும் பை நிறையப் பேனாவுமாக ஒரு படம் உங்கள் அலுவலகத்தில் இல்லாமலா இருக்கும்? அடுத்த இதழில் இந்தக் கடிதத்தைப் போடாவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் படத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய பாங்கோஸ்காரன்,
குரோம்பேட்டை, சென்னை.