அம்மம்மாவின் தோட்டுச் சிவப்புக்கல்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

"அப்பா, அம்மம்மாட தோட்டுக்கல் பொய்க்கல்லாம்" என்று நேற்று ராத்திரி ஃபோனில் நீ அழுத பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. விடியப் பட்டறைக்குப் போய், அந்தக் கற்களோடு வாங்கி மிஞ்சிக் கிடந்த ஒன்றைப் பஞ்சுக்குள்ளிருந்து எடுத்தேன். பத்து மடங்கு காட்டுகிற கண்ணாடியை வைத்து யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே இசைத்தட்டு வரி மாதிரி வளைந்த கோடுகள். பக்கத்தில் குண்டூசி முனையளவும் இல்லாத இரண்டு குமிழ்கள். மண்ணில் விளைந்த கல்லில் கோடு வளையாது. நேராய் ஓடி மூலையில் மடியும். கனடாவில் உனக்குச் சொன்னவர் சரியாய்த்தான் சொல்லியிருக்கிறார். இரத்தினபுரி மாணிக்கக் கல் என்று தந்தவரை நம்பி, பாராமல் பதித்தது நான். என்னில்தான் பிழை.

ஆனாலும் பொய்க்கல் என்று சொல்லாதே, மகள். கண்ணாடியை வெட்டித் தந்திருந்தால் அது பொய். இது குருந்தம். நம்முடைய அந்தச் சொல்லைத்தான் வெள்ளைக்காரனும் 'கொரண்டம்' என்று எடுத்துக்கொண்டான். அலுமினியமும் ஒட்சிசனும்தான் பொருள். சிவப்பைக் கொடுப்பது கொஞ்சக் குரோமியம். மாணிக்கத்திலும் அதேதான், கடினமும் பத்துக்கு அதே 9. ஆனால் இது மண்ணில் விளையவில்லை, மனிதர் செய்தது. வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் 1902 இல் அறிவித்த முறை அது. மாப்போல அரைத்த தூளை 2000 பாகைக்கு மேல் எரிகிற சுவாலைக்குள்ளால் தூவ, அது உருகி விழுந்து கீழே கல்லாய் வளரும். நான் பார்த்த வளைகோடுகள் அப்படிப் படிந்த படைகள்.

அப்ப இதுவும் கனிமமா என்று கேட்டாய். இல்லை. மனிதர் செய்தது இயற்கைக் கல்லோடு அச்சொட்டாய் ஒத்திருந்தாலும் கனிமம் ஆகாது என்று சர்வதேச கனிமவியல் சங்கத்தின் 1998 ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. முதலில் எனக்கு அது அநியாயமாய்ப் பட்டது. பிறகு மீன்பெட்டி ஐஸை நினைத்தேன். வானத்திலிருந்து விழுகிற ஆலங்கட்டி கனிமம், பெட்டிக்குள் போடுகிற ஐஸ் கனிமம் இல்லை. தண்ணீர் என்னவோ ஒன்றுதான். ஒரு பொருள் எங்கே பிறந்தது என்பதும் அதன் பேருக்குள் இருக்கவேண்டும் என்கிறார்கள். நகைத் தொழிலிலும் அதுதான் நியாயம். செய்த கல்லைச் செய்த கல் என்று சொல்லி விற்றால் ஒரு குற்றமும் இல்லை. அதை மறைத்ததுதான் அம்மம்மாவுக்குச் செய்த துரோகம்.

கல்லைக் கழற்றாதே. அந்தத் தோட்டோடுதான் அம்மம்மா ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போவா. சவர்க்காரத் தண்ணியில் மெல்லிய பிரஷால் கழுவிப் போடு. சுரை தளர்ந்திருக்கும், கவனம். வரும்போது கொண்டு வா, நான் இறுக்கித் தாறேன்.

அன்புடன்,
அப்பா